நான் விடாத கயிறு

என் காதில் அன்று விழுந்தது எந்தச் சொல்? பத்து நாளாக இதைத்தான் என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏரிக்கு நடுவிலிருந்து ஒருவர் கத்துகிறார். என் கையில் கயிறு இருக்கிறது. அவர் கத்தியது எனக்குப் புரியவில்லையா, புரிந்தும் என் கை கேட்கவில்லையா? முதலாவதுதான் என்று மற்றவர்கள் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

என் ஊர் குடியாத்தம். தாவரவியல் படித்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். மகள் மகிழினி வயிற்றில் இருந்தபோது அதை விட்டேன். இப்போது அவளுக்கு இரண்டரை வயது. பெங்களூரில், வைட்ஃபீல்டுக்கு அப்பால் உள்ள ஓர் ஏரியில், இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு வேலையும் பயிற்சியும் தருகிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பித்தேன். ஆறு மாதம். முதல் மாதம் சோதனை. மாதக் கடைசியில் யார் யார் தொடரலாம் என்று பட்டியல் போடுவார்கள். முடித்தவர்களுக்கு நாற்றங்காலிலோ ஏரிக் காவலிலோ நிலையான வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு. வயது வரம்பைப் பார்த்தால் எனக்கு இதுதான் கடைசி வருடம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிளம்பினேன். மகிழினி என் அக்கா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் அழுவாள் என்று எழுப்பவில்லை. ஆம்பூர் வருவதற்குள், எழுப்பிச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ரயில் ஏற்றிவிட வந்த என் கணவர் சரவணன், “போய்ப் பாரு. புடிக்கலன்னா வந்துடு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்” என்றார். அது ஆறுதலா, நான் வந்துவிடுவேன் என்ற நம்பிக்கையா என்று ஜோலார்பேட்டை வரை யோசித்துக்கொண்டு போனேன்.

தங்கியது பெண்கள் பி.ஜி. விடுதி ஒன்றில். ஓர் அறைக்கு மூன்று கட்டில். மற்ற இரண்டு பெண்களும் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். “ஏரியில வேலையா? சூப்பர்” என்றார்கள். பிறகு என் பையிலிருந்து எட்டிப்பார்த்த அரிவாளைப் பார்த்து, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஏரியைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, தண்ணீர் தெரியவே இல்லை. கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரை. அதைச் சுற்றி இருபது மாடிக் குடியிருப்புகள். எங்கள் ஊரில் ஏரி வற்றினால் வெடித்த மண் தெரியும், மாடு மேயும். இங்கே ஏரி வற்றவில்லை, நிரம்பித்தான் இருக்கிறது. அத்தனை வீட்டுச் சாக்கடையும் சேர்ந்து அதை நிரப்பி, அந்தச் சத்தில் செடி தழைத்து நிற்கிறது. பூ மட்டும் ஊதா நிறத்தில் அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று நினைத்ததற்கு எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எங்களை வேலை வாங்குபவர் மஞ்சுநாத். ஐம்பது வயது இருக்கும். கன்னடம் மட்டும் பேசுவார், தமிழ் புரியும் என்பார். பயிற்சிக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். இரண்டு இரண்டு பேராகப் பிரித்தபோது என்னோடு சேர்த்தது ஸ்டெல்லாவை. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். இருபத்து மூன்று வயது. தமிழும் கன்னடமும் அவளுக்கு ஒரே மூச்சில் வரும். “அக்கா, உங்களுக்குக் கன்னடம் வராதா? பரவால்ல, நான் இருக்கறேன். ஆனா மத்தியானம் உங்க டிபன்ல பாதி எனக்கு” என்றாள்.

டிபனே தேவைப்படவில்லை. மதியம் ராகி முத்தெ கொடுத்தார்கள். அது எங்கள் ஊர்க் களிதான் என்று தைரியமாகக் கையில் எடுத்து மென்றேன். மஞ்சுநாத் பதறிவிட்டார். இதைக் கடிக்கக் கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னார். விழுங்கினேன். தொண்டையில் ஒரு நிமிடம் நின்று, பிறகு போயிற்று. “பாஸ்” என்றாள் ஸ்டெல்லா. “அக்கா இப்ப பாதி கர்நாடகா.”

செவ்வாய்க்கிழமைதான் அந்தச் சொல் முதலில் வந்தது. அதை எழுதாமல் இதில் எதுவும் புரியாது.

வேலை முடிந்து நானும் ஸ்டெல்லாவும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். கர்நாடகத்திலும் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் ஆதார் காட்ட வேண்டும். எங்கள் ஊர் பஸ்ஸில் இப்படிக் கேட்பதில்லை. கண்டக்டர் என் ஆதாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தமிழ்நாடா? காசு எடுங்கம்மா” என்றார். நான் சில்லறை தேடிக்கொண்டு வழியில் நின்றேன். பின்னாலிருந்து ஒரு பெண்மணி, “ஜாகா பிடி! ஜாகா பிடி!” என்று அவசரப்படுத்தினார். பக்கத்தில் ஓர் இருக்கை காலியானது. முன்பின் தெரியாதவருக்கு என் மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய், நான் அதில் உட்கார்ந்து, இன்னொரு கையால் பக்கத்து இடத்தையும் பையை வைத்துப் பிடித்து, “வாங்கம்மா, உங்களுக்கும் சேர்த்துப் புடிச்சிட்டேன்” என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்ட அந்தப் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். “அக்கா, கன்னடத்துல பிடின்னா விடுன்னு அர்த்தம். ஜாகா பிடின்னா வழி விடு. நம்ம புடிக்கிறதுக்கு அவங்க ‘ஹிடி’ன்னு சொல்வாங்க. நம்ம ‘ப’ போட்டா அவங்க ‘ஹ’ போடுவாங்க. பால் ஹாலு, பல்லு ஹல்லு, புல்லு ஹுல்லு. புரிஞ்சிச்சா?”

புரிந்தது. படித்தவள் இல்லையா, பி.ஜி.க்கு வந்ததும் நோட்டில் எழுதியும் வைத்தேன்: ‘பிடி என்றால் விடு. ஹிடி என்றால் பிடி.’ அடியில் கோடும் போட்டேன்.

புதன்கிழமை நல்ல நாள். கரையில் எந்தச் செடி இருக்க வேண்டும், எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டும் வகுப்பு. நான் ஆறு செடிகளுக்குத் தாவரவியல் பெயர் சொன்னேன். பயிற்சியை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் மேடம் அதைக் குறித்துக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. மஞ்சுநாத்துக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் வேரை முகர்ந்து பார்த்தே அது எவ்வளவு தண்ணீரில் நிற்கும் என்று சொல்கிறார். அதை நானும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

குடியிருப்புகளிலிருந்து நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள். அன்று இரண்டு பேர் தமிழிலேயே பேசிக்கொண்டு போனார்கள். “இதெல்லாம் எடுத்தா கொசு போயிடுமா?” “கொசு போகுதோ இல்லையோ, நம்ம பால்கனிக்கு லேக் வியூ வந்துடும்.” ஸ்டெல்லா குனிந்தபடியே, “அப்போ வாடகைய ஏத்து மாமா” என்று மெல்லச் சொன்னாள். நான் சிரிப்பை அடக்கச் செடி அள்ளிய சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். மகிழினிக்குக் காய்ச்சல். “வெறும் சளிக் காய்ச்சல்தான், மருந்து குடுத்தாச்சு” என்றாள். வீடியோவில் காட்டினாள். குழந்தை என்னைப் பார்த்தாள், அழவில்லை. அக்காவின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது. அழாததாலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆகாயத்தாமரையைக் கையால் அள்ளி முடியாது. ஒரு பெரிய கூடம் அளவுக்குத் துண்டாக அறுத்து, சுற்றிலும் மூங்கில் கட்டி, இரண்டு மூலையிலும் ஒவ்வொரு கயிறு போட்டுக் கரைக்கு இழுக்க வேண்டும். இடதுபக்கக் கயிறு ஸ்டெல்லாவிடம். வலதுபக்கக் கயிறு என்னிடம். மஞ்சுநாத் பரிசலில் பின்னால் நின்று கோலால் தள்ளுவார். பெண்களின் அளவில் ரப்பர் பூட்ஸ் மூன்று ஜோடிதான் இருந்தன, முறை வைத்துப் போட்டுக்கொள்வோம். அன்று என் முறை. ஸ்டெல்லா செருப்போடு கரையில் நின்றாள். கரையில் நிற்க பூட்ஸ் கட்டாயமில்லை.

பாதி தூரம் வந்ததும் மூங்கில் அடியில் எதிலோ சிக்கிக்கொண்டது. மஞ்சுநாத் பரிசலிலிருந்து குனிந்து அதை விடுவிக்கப் பார்த்தார். கயிறு இரண்டும் தளர்ந்தால்தான் முடியும். அவர் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

“பிடி! பிடி!”

ஸ்டெல்லா உடனே கயிற்றை விட்டாள். நான் கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் போட்டு இழுத்தேன்.

ஒரு பக்கம் மட்டும் இழுபட்டதால் அந்தப் பச்சை மேடை கதவு சாத்துவது போலத் திரும்பியது. பரிசலில் மோதியது. மஞ்சுநாத் தண்ணீரில் விழுந்தார். ஆழம் மார்பளவுதான், ஆனால் வேர்கள் காலில் சுற்றிக்கொண்டதால் அவரால் எழ முடியவில்லை. தலை ஒருமுறை மேலே வந்து மறைந்தது. ஸ்டெல்லா செருப்பை உதறிவிட்டுக் குதித்தாள். செடிகளைக் கிழித்துக்கொண்டு போய் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள். நாற்றங்காலில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பேரும் கரையேறியபோதுதான் புல்லில் ரத்தத்தைப் பார்த்தோம். ஏரியின் அடியில் கிடந்த உடைந்த பாட்டில் ஸ்டெல்லாவின் உள்ளங்காலைக் குறுக்கே கிழித்திருந்தது.

அப்போதும் கயிறு என் மணிக்கட்டில்தான் சுற்றியிருந்தது. யாரோ வந்து அவிழ்த்தார்கள். பூட்ஸ் போட்டிருந்தவள் நான். நான் இறங்கவில்லை.

என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா, காலைத் துண்டால் கட்டிக்கொண்டே, கன்னடத்திலும் தமிழிலுமாகச் சொன்னாள்: “இவங்க தமிழ்நாட்டுக்காரங்க. நீங்க பிடின்னதும், இறுக்கிப் பிடிக்கணும்னு நெனச்சிட்டாங்க.” பிறகு தலையில் வேரோடு நின்ற மஞ்சுநாத்தே முதலில் சிரித்தார். தவறு தன்னுடையதுதான், ஓசூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை வீட்டில் தானும் இப்படிச் சொல் புரியாமல் பலமுறை விழித்திருப்பதாகச் சொன்னார். எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். நான் தலையாட்டினேன். சொன்னது அவள். ஆட்டியது நான்.

காலில் ஒன்பது தையல். மூன்று வாரம் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்றார் மருத்துவர். சாயங்கால ரயிலில் நானே அவளை வீட்டில் விடப் போனேன். பெட்டியில் நிற்க இடமில்லை. அவள் காலில் இருந்த கட்டைப் பார்த்ததும் சீட்டு ஆடிக்கொண்டிருந்த நான்கு பேர் எழுந்து, அவளுக்கு உட்கார ஓர் இடமும் கால் வைக்க ஓர் இடமும் கொடுத்தார்கள். “இன்னா ஸ்டெல்லா, ஏரிய கிளீன் பண்ணச் சொன்னா நீ கால கிளீனா அறுத்துக்கினு வந்துட்ட?” என்றார் ஒருவர். “நீ ஆட்டத்தப் பாருண்ணா, தோத்துக்கினு கீற” என்றாள் அவள்.

நான் மெதுவாகக் கேட்டேன். “ஏன் அப்படிச் சொன்ன? எனக்குத்தான் அந்த வார்த்தை தெரியுமே. நீதானே சொல்லிக்குடுத்த.”

“கத்தனப்ப ஞாபகம் இருந்திச்சா?”

“தெரியல.”

“அப்போ தெரியலன்னே வெச்சுக்கோங்க. விடுங்கக்கா.”

விட முடியவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் ‘பிடி’ என்று பேசுவதில்லை, ‘புடி’ என்றுதான் சொல்வோம். பஸ்ஸில் ஒருமுறை ஏமாந்த காது, அர்த்தம் தெரிந்த பிறகும் எப்படி ஏமாறும்? ஒருவேளை சொல் சரியாகத்தான் விழுந்து, பயத்தில் கை மட்டும் இறுகிவிட்டதோ? ஒருவேளை நான் அந்த நேரத்தில் ஏரியிலேயே இல்லையோ? காலையில் இன்னும் காய்ச்சல் இறங்கவில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள்.

தங்கவயலில் இறங்கினால் சாம்பல் நிறத்தில் மண்மேடுகள் தெரிகின்றன, சுரங்கத்திலிருந்து வந்த கழிவு. “இதுல ஒண்ணுமே மொளைக்காதுக்கா. அதான் நான் செடி வேலைக்கு வந்தேன்” என்றாள் ஸ்டெல்லா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஐயோ, சும்மா சொன்னேன். கார்மெண்ட்ஸ்ல நின்னு நின்னு காலு வீங்குது. இது போனா திரும்ப அங்கதான் போகணும்” என்றாள். வீட்டில் அவளுடைய அம்மா காலைப் பார்த்து அழவில்லை, கத்தவில்லை. “மூணு வாரம் லீவு தருவாங்களாம்மா?” என்று என்னைக் கேட்டார். “தருவாங்க, நீ போய் டீ போடு” என்று ஸ்டெல்லா பதில் சொன்னாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை ஒருங்கிணைப்பாளர் மேடம் விபத்துப் படிவத்தைப் பூர்த்தி செய்தார். நல்லவர். தமிழ் நன்றாகப் பேசுவார். ‘காரணம்’ என்ற கட்டத்தில் இரண்டு எழுதினார்: மொழி புரியாமை, பூட்ஸ் இல்லாமல் நீரில் இறங்கியது.

“மொழி புரியாதது யார் தப்பும் இல்ல. பூட்ஸ் இல்லாம இறங்கறது விதி மீறல். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, அவ ஒருத்தரக் காப்பாத்தியிருக்கா. ஆனா மொத மாசத்துலயே மூணு வாரம் வரலன்னா இடத்தை வெச்சிருக்க முடியாது. வெளியில பத்துப் பேர் காத்திருக்காங்க.”

“வேற யாரோ செஞ்ச தப்பால அடிபட்டிருந்தா, மேடம்?”

“அப்படின்னா இடம் இருக்கும், அந்த மூணு வாரச் சம்பளமும் வரும். தப்பு செஞ்சவங்களைத்தான் பட்டியல்ல வைக்கறதா வேண்டாமான்னு யோசிப்பாங்க. ஏன் கேக்கறீங்க?”

“சும்மா கேட்டேன்” என்றேன். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் நோட்டைத் திறந்தால், செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தில் அந்த வரி. நீல மையில், அடிக்கோட்டோடு.

அடுத்த வாரம் முழுக்க வேலைக்குப் போனேன். என்னை எல்லோரும் ‘பிடி மேடம்’ என்று கூப்பிடுகிறார்கள். கேலிதான், பிரியமாகச் சொல்கிறார்கள். ஸ்டெல்லா இருந்த இடத்தில் இப்போது என்னோடு ஒரு பையன் கயிறு இழுக்கிறான். ஏரியின் ஒரு மூலையில் தண்ணீர் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு நீர்க்கோழி அதில் நீந்தியதைப் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது. உடனே அந்தச் சந்தோஷத்துக்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தோன்றியது.

இரண்டு நாள் விடுப்பில் ஊருக்கு வந்து இதை எழுதுகிறேன். மகிழினிக்குக் காய்ச்சல் போய்விட்டது. வந்த அன்று என்னிடம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது, இப்போது மடியைவிட்டு இறங்கவில்லை. சரவணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நீ வேணும்னா செஞ்ச? கையெழுத்தும் போட்டாச்சு. கொழந்தைய விட்டுட்டுப் போனது எதுக்கு, இந்த வேலைக்குத்தானே? இப்பப் போய் நோண்டாத” என்றார். அவர் சொல்வது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நேற்று ஸ்டெல்லா அனுப்பிய குரல் பதிவிலும் அதேதான்: “அக்கா, எதையும் எழுதிக் குடுத்துடாதீங்க. உங்களுக்குப் பாப்பா இருக்குது. நான் எதையாவது பாத்துக்குவேன்.” பின்னணியில் அவளுடைய அம்மாவின் குரல் ஏதோ கேட்டது. ஸ்டெல்லா பதிவை அதோடு நிறுத்திவிட்டாள்.

பட்டியல் வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. படிப்பவர்களிடம் கேட்கிறேன். ‘தெரிந்தே கயிற்றை விடவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் பொய்யாக இருக்கலாம், எனக்கே நிச்சயமில்லை. ‘அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு முன்பே தெரியும்’ என்று மட்டும் எழுதினால் அது உண்மை. அவ்வளவு போதுமா? ஸ்டெல்லா வேண்டாம் என்கிறாள். அதைக் கேட்டு நான் சும்மா இருந்தால் அது அவள் பேச்சுக்குக் கொடுக்கும் மரியாதையா, எனக்கு வசதியாக இருப்பதை எடுத்துக்கொள்வதா? அவளிடம் சொல்லாமலே செய்யலாமா?

கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தைத் திருத்தச் சொல்லித் திரும்பப் போனவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வேலை இருந்ததா போனதா என்பதை எனக்குச் சொல்ல வேண்டாம். அறைக்குள் போனதும் முதல் வாக்கியமாக என்ன சொன்னீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.